அந்நிய டிஎன்ஏ ஒரு பாக்டீரியாவுக்குள் நுழைவதும் தங்குவதும்: நண்டு ஓட்டிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

ராமேஸ்வரத்தருகே உள்ள மண்டபம் ஊரின் வடகரையில் நண்டு வலை கரையேறும் காலைகளில், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வலையை விலக்கி விலக்கி நீலக்கால் நண்டுகளைப் பிரித்தெடுப்பார்கள். ஒடிந்த கால், நசுங்கிய ஓடு, விலை போகாத சிறு நண்டு எல்லாம் ஓரமாக விழும். அவற்றில் ஒரு பங்கை அலை உள்ளே எடுத்துக்கொண்டு போகும். அப்படிப் போன ஓட்டுத் துண்டு ஒன்று கடலடியில் கிடக்கும்போது அதன்மேல் நடக்கும் வேலையைத்தான் இந்த வழிகாட்டியில் படிப்படியாகச் சொல்லப்போகிறேன். இந்தக் கரையோரத்திலிருந்து நுண்ணுயிரியல் படிக்க வரும் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக இதைக் கற்பிக்கிறேன். பாடநூலில் எலியும், நிமோனியா தரும் நியூமோகாக்கஸ் பாக்டீரியாவும் வரும். நண்டு ஓடு வராது. எனக்கோ ஓட்டிலிருந்து தொடங்கினால்தான் விஷயம் முழுதாகப் புரியும் என்று தோன்றுகிறது.

ஒன்றை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். டிஎன்ஏ உள்ளே நுழைவது ஒரு காரியம், உள்ளே தங்குவது வேறொரு காரியம். இரண்டுக்கும் தனித்தனிக் கருவிகள், தனித்தனி நிபந்தனைகள். தேர்வு விடைகளில் நான் காணும் குழப்பங்களில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை.

தொடங்குமுன்: எந்த வாசலைப் பற்றிப் பேசுகிறோம்?

பாக்டீரியாவுக்குப் பிற உயிரின் டிஎன்ஏ வந்து சேர மூன்று வாசல்கள் உண்டு. ஒரு பாக்டீரியா இன்னொன்றோடு நேராகத் தொட்டு டிஎன்ஏவைக் கடத்துவது இணைவு. லெடர்பெர்க்கும் டேட்டமும் 1946இல் இதைக் கண்டறிந்தார்கள். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான பேஜ், தெரியாமல் பழைய வீட்டின் டிஎன்ஏவைச் சுமந்து புதிய வீட்டுக்குள் செலுத்திவிடுவது மரபணு ஊடுகடத்தல். ஜிண்டரும் லெடர்பெர்க்கும் 1952இல் வெளியிட்டது. மூன்றாவது, சுற்றுப்புறத்தில் கிடக்கும் வெற்று டிஎன்ஏவைப் பாக்டீரியா தானே இழுத்துக்கொள்வது. இதற்குப் பெயர் மரபுமாற்றம். முதல் இரண்டிலும் பெறுகிற பாக்டீரியா பெரும்பாலும் சும்மா இருக்கிறது. வேலையைப் பிளாஸ்மிடோ (குரோமோசோமுக்கு வெளியே தனித்திருக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) பேஜோ செய்கிறது. மூன்றாவதில் எல்லா வேலையும் பெறுபவருடையது. அதனால்தான் இதற்கே அதிக இடம் ஒதுக்குகிறேன்.

இதை முதலில் கண்டவர் லண்டனில் வேலை பார்த்த ஃபிரெடெரிக் கிரிஃபித். உறையில்லாத, நோய் தராத நியூமோகாக்கஸை, சூட்டால் கொன்ற உறையுள்ள நியூமோகாக்கஸோடு சேர்த்து எலிக்குச் செலுத்தினார். எலி இறந்தது. அதன் இரத்தத்தில் உறையுள்ள பாக்டீரியா உயிரோடு இருந்தது. ஆண்டு 1928. இறந்ததிலிருந்து உயிருள்ளதற்குக் கடந்த அந்தப் பொருள் டிஎன்ஏதான் என்று ஏவரி, மக்லியாட், மெக்கார்ட்டி மூவரும் 1944இல் நிறுவினார்கள். கிரிஃபித் அதைக் காணவில்லை. 1941இல் லண்டன்மீது விழுந்த குண்டுகளுக்கு இரையானார். அந்தத் தேதிகளைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

முதல் படி: ஓடு கிடைக்க வேண்டும், கூட்டம் சேர வேண்டும்

ஓட்டின்மேல் குடியேறும் பாக்டீரியாக்களில் ஒன்று காலரா விப்ரியோ. பெயரைக் கேட்டவுடன் நோய்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் பூர்வீக வீடு உவர்நீரும் ஆற்று முகத்துவாரமும். நண்டு, இறால், மிதவை உயிரிகள் ஆகியவற்றின் ஓட்டில் இருக்கும் கைட்டின்தான் அதற்கு வீடும் உணவும். (கரையில் கிடக்கும் ஒவ்வொரு ஓட்டிலும் காலரா இருக்கிறது என்று பயந்துவிடாதீர்கள். விப்ரியோ குடும்பம் பெரியது. அதில் பெரும்பாலானவை மனிதருக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை.)

சாதாரண நேரத்தில் இந்த விப்ரியோ வெளி டிஎன்ஏவைத் தொடாது. அதற்கென்று ஒரு நிலை வர வேண்டும். அதை ஏற்புநிலை என்று சொல்கிறேன். அந்த நிலையைத் தூண்டுவது கைட்டின் என்று 2005இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்கூல்னிக் குழுவினர் அறிவித்தார்கள். அதுவரை காலரா விப்ரியோவைப் பெரும்பாலும் ஆய்வகச் சத்துநீரில் வளர்த்தார்கள். அதில் ஓடு இல்லை, ஆகவே இந்தத் திறமையும் வெளிப்படவில்லை. நண்டு ஓட்டை உள்ளே போட்டதும் வெளிப்பட்டது.

எப்படி? விப்ரியோ முதலில் நொதிகளை வெளிவிட்டு ஓட்டை அரிக்கிறது. கைட்டின் என்பது ஒரே சர்க்கரை அலகு திரும்பத் திரும்பக் கோத்த நீண்ட சங்கிலி. அது அரிபடும்போது இரண்டு, மூன்று அலகுகள் கொண்ட துண்டுகள் உதிர்கின்றன. சவ்வில் இருக்கும் ஓர் உணர்வுப் புரதம் அந்தத் துண்டுகளைக் கண்டதும் ஒரு சிறிய ஆர்என்ஏவை உண்டாக்குகிறது. அந்த ஆர்என்ஏ, டிஎஃப்ஓஎக்ஸ் என்னும் புரதம் உருவாக வழிவிடுகிறது. டிஎஃப்ஓஎக்ஸ் வந்துவிட்டால் டிஎன்ஏவை இழுக்கும் கருவிகளுக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. ஒற்றைச் சர்க்கரை அலகு மட்டும் கிடைத்தால் இது நடக்காது என்பதைக் கவனியுங்கள். அரிபடும் ஓட்டில்தான் கோத்த துண்டுகள் கிடைக்கும். அதுவே விப்ரியோவுக்கு அடையாளம்.

இது மட்டும் போதாது. குளூக்கோஸ் போன்ற எளிய சர்க்கரை தாராளமாகக் கிடைத்தால் ஏற்புநிலை அடங்கிவிடும். கூட்டமும் வேண்டும். விப்ரியோக்கள் சிறு மூலக்கூறுகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. ஆட்கள் பெருகினால் அந்த மூலக்கூறும் பெருகும், அளவு ஏறியதும் ஹாப்-ஆர் என்னும் புரதம் வேலைக்கு வரும். ஹாப்-ஆர் செய்வதில் எனக்கு மிகவும் பிடித்தது இது: விப்ரியோ வழக்கமாக வெளிவிடும், டிஎன்ஏவைத் துண்டாடும் ஒரு நொதியை அது அடக்கிவைக்கிறது. எடுக்கப்போகிற பொருளைத் தானே சிதைத்துவிடக் கூடாது அல்லவா?

எல்லாப் பாக்டீரியாவுக்கும் ஓடுதான் சாவி என்று எழுதிவிடாதீர்கள். நியூமோகாக்கஸ் ஒரு சிறு பெப்டைடை (குட்டிப் புரதத் துண்டு) வெளியிட்டு ஊரையே ஒரு சில நிமிடங்களுக்கு ஏற்புநிலைக்குக் கொண்டுவருகிறது. பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் மண் பாக்டீரியாவில் சத்துக் குறையும்போது கூட்டத்தில் ஒரு சிறுபான்மை மட்டும் தயாராகிறது. ஒவ்வொன்றுக்கும் அதன் வாழ்விடம் சாவி.

இரண்டாம் படி: டிஎன்ஏ எங்கிருந்து?

ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் சுமார் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். அவை செத்து உடையும்போதும் பேஜ்கள் உடைக்கும்போதும் டிஎன்ஏ நீரில் கலக்கிறது. ஒரு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவில் அது எப்போதும் இருக்கிறது. திறந்த நீரில் விரைவில் சிதையும். சேற்றிலும் களிமண் துகளிலும் ஒட்டிக்கொண்டால் நெடுநாள் நிற்கும்.

விப்ரியோ அதற்காகக் காத்திருப்பதோடு நிற்பதில்லை. 2015இல் பிளோக்கெஷ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதை மாற்றிக் காட்டியது. டிஎஃப்ஓஎக்ஸ் விழித்ததும் டிஎன்ஏ இழுக்கும் கருவியோடு கூடவே ஓர் ஈட்டியும் தயாராகிறது. ஆறாம் வகைச் சுரப்பமைப்பு என்று பெயர். உள்ளிருந்து சுருள்வில் விடுபடுவதுபோல் பாய்ந்து பக்கத்துப் பாக்டீரியாவை நஞ்சோடு குத்துகிறது. தன் இனத்தவருக்கு முறிவுப் புரதம் உண்டு, அயலானுக்கு இல்லை. அயலான் உடைந்து அதன் டிஎன்ஏ வெளியே கொட்டுகிறது. இப்படிப் புதிதாகக் கொட்டும் டிஎன்ஏ நீளமானது, சிதையாதது. ஒரு லட்சம் எழுத்துகளுக்கும் (டிஎன்ஏ சங்கிலியின் ஒவ்வோர் அலகையும் ஓர் எழுத்து என்கிறேன்) மேலான நீளம்கூட இந்த வழியில் கைமாறுகிறது. கொல்வதும் எடுப்பதும் ஒரே கட்டளையின்கீழ் வைக்கப்பட்டிருப்பதை முதன்முதலில் படித்த அன்று நான் வெகுநேரம் வேறு எதையும் படிக்கவில்லை.

மூன்றாம் படி: தூண்டில் வீசி இழுப்பது

விப்ரியோவுக்கு இரண்டு சவ்வுகள். வெளிச் சவ்வைத் துளைத்து மெல்லிய புரத இழை ஒன்று வெளியே நீள்கிறது. நான்காம் வகைப் பைலஸ் என்பது இதன் பெயர். இதன் நுனி டிஎன்ஏவைத் தொட்டுப் பிடிக்கிறது. பிறகு உள்ளேயிருக்கும் மோட்டார் புரதம் இழையைச் சுருக்கி இழுக்கிறது. பாம்பன் பாலத்தடியில் கைத்தூண்டில் போடுபவர் நூலை விட்டுவிட்டு, பட்டதும் சுண்டி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே செயல். 2018இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் பைலஸுக்கும் டிஎன்ஏவுக்கும் ஒளிரும் நிறமேற்றி, இது நடப்பதை உயிருள்ள பாக்டீரியாவில் நேராகப் படம்பிடித்தார்கள்.

வெளிச் சவ்விலுள்ள துளை மிகச் சிறியது. டிஎன்ஏ இரண்டு புரிகள் முறுக்கிய கயிறு போன்றது; இந்தத் துளையை அது இரட்டைப் புரியாகவே கடக்கிறது. முனை அகப்படாமல் நடுப்பகுதி அகப்பட்டால், மடங்கித்தான் உள்ளே வர வேண்டும். வந்ததும் இரு சவ்வுகளுக்கும் இடையிலுள்ள காம்-இஏ என்னும் புரதங்கள் ஒவ்வொன்றாக அதன்மேல் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய பகுதி திரும்ப வெளியே நழுவ முடியாது. கரைவலை இழுப்பவர்கள் ஒரு முழம் இழுத்ததும் கயிற்றைப் பிடித்து நிறுத்திப் பிறகு அடுத்த முழத்துக்குப் போவதுபோல, டிஎன்ஏ கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேர்கிறது.

வகுப்பில் ஒரு தங்கச்சிமடத்து மாணவி கேட்டாள்: "ஐயா, எந்த டிஎன்ஏ கிடைத்தாலும் இழுத்துக்கொள்ளுமா?" நல்ல கேள்வி. விப்ரியோ பெரும்பாலும் பாகுபாடு பார்ப்பதில்லை. ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே என்னும் பாக்டீரியா பார்க்கும். ஒன்பது எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளம் இருந்தால் மிக நன்றாக இழுக்கும். அதன் சொந்தக் குரோமோசோமில் அந்த அடையாளம் ஏறக்குறைய 1,500 இடங்களில் இருக்கிறது. அதாவது தன் இனத்தின் டிஎன்ஏவை முத்திரை பார்த்து எடுக்கிறது.

நான்காம் படி: ஒரு புரி மட்டும் உள்ளே

உட்சவ்வில் காம்-இசி என்னும் வாய்க்கால் இருக்கிறது. அதன் வழியே இரட்டைப் புரி போகாது. ஒரு புரி உள்ளே போகும், மற்றது சிதைக்கப்படும். நியூமோகாக்கஸ், பேசில்லஸ் இரண்டிலும் நொடிக்குச் சுமார் 80 முதல் 100 எழுத்துகள் என்ற வேகத்தில் இது நடக்கிறது.

ஒற்றைப் புரியாக வருவதில் பெரிய லாபம் ஒன்று உண்டு. பாக்டீரியாவுக்குள் அந்நிய டிஎன்ஏவை வெட்டும் கட்டுப்பாட்டு நொதிகள் காவல் நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இரட்டைப் புரியைத்தான் வெட்டும். ஒற்றைப் புரி அவற்றின் கையில் அகப்படாமல் தப்பிவிடுகிறது. இங்கே ஒரு கிளைக்கதை: ஹாமில்டன் ஸ்மித் 1970இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுப்பாட்டு நொதி, அவர் ஹீமோஃபிலஸ் டிஎன்ஏவை எடுத்துக்கொள்வதை ஆராய்ந்துகொண்டிருந்தபோது அகப்பட்டது. பேஜின் டிஎன்ஏ மட்டும் சிதைவதையும் சொந்த டிஎன்ஏ சிதையாததையும் கண்டு பின்தொடர்ந்தார். 1978இல் நோபல் பரிசு. இன்றைய மரபணுப் பொறியியல் முழுவதும் அந்த நொதிகளின் தோளில் நிற்கிறது.

ஐந்தாம் படி: வந்ததைக் காப்பது

வெற்று ஒற்றைப் புரியை உள்ளே விட்டுவைத்தால் சில நிமிடங்களில் தின்னப்பட்டுவிடும். ஆகவே டிபிஆர்-ஏ என்னும் புரதம் அதைப் போர்த்திக்கொண்டு, ரெக்-ஏ என்னும் புரதத்தை அழைத்து அதன்மேல் ஏற்றுகிறது.

பாக்டீரியா ஏன் டிஎன்ஏவை எடுக்கிறது, உணவுக்கா, பழுது பார்க்கவா, புதுமைக்கா என்ற விவாதம் நெடுங்காலமாக நடக்கிறது. உணவு வாதத்தில் உண்மை இருக்கிறது. சிதைந்த மறுபுரி வீணாவதில்லை. ஆனாலும் உணவு மட்டுமே நோக்கமானால் டிபிஆர்-ஏ எதற்கு? தின்னப்போகும் மீனுக்கு யாரும் காவல் வைப்பதில்லை. உள்ளே வந்ததைப் பத்திரப்படுத்தும் புரதம், ஏற்புநிலையின் கட்டளையிலேயே உருவாகிறது. எனக்கு இந்த ஒரு சான்றே போதுமானதாகத் தோன்றுகிறது.

ஆறாம் படி: தங்குவது

இதுதான் கடினமான படி. நுழைந்த டிஎன்ஏ பெரும்பாலும் இங்கே தோற்றுப்போகிறது.

ரெக்-ஏ ஏறிய புரி, குரோமோசோம் முழுவதையும் துழாவி, தன்னைப் போலவே எழுத்துக்கோவை உள்ள இடத்தைத் தேடுகிறது. கிடைத்தால் அங்குள்ள இரட்டைப் புரியை விலக்கி, பழைய புரி ஒன்றின் இடத்தில் தான் அமர்கிறது. இதுவே ஒத்த மறுசேர்க்கை. ஒற்றுமை குறையக் குறைய வெற்றி மடங்கு மடங்காகக் குறைகிறது.

அப்படியானால் முற்றிலும் புதிய மரபணு எப்படித்தான் நுழைகிறது? கிழிந்த வலையைச் சரிசெய்பவரைப் பாருங்கள். ஒட்டுத் துண்டின் ஓரத்துக் கண்கள் வலையின் கண்களோடு அளவில் ஒத்திருந்தால்தான் முடிச்சுப் போட முடியும். ஓரம் ஒத்துவிட்டால் நடுவில் வேறு நிற நூல் இருக்கலாம், நடுப்பகுதி முன்பைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். டிஎன்ஏவிலும் அப்படியே. இரு ஓரங்களிலும் ஒத்த எழுத்துகள் இருந்தால், இடையிலிருக்கும் அந்நிய மரபணு கூடவே உள்ளே ஏறிவிடும்.

சேர்ந்த உடனே பாக்டீரியா மாறிவிடுவதில்லை. அந்த இடத்தில் ஒரு புரி பழையது, ஒரு புரி புதியது. அடுத்த பிரிவில் ஒரு மகளுக்குப் பழையது, ஒரு மகளுக்குப் புதியது. அதற்குமுன் எழுத்துப்பிழை திருத்தும் புரதங்கள் புதியதைக் கண்டுபிடித்து நீக்கிவிடவும் கூடும்.

சென்னையில் 1992இல் வந்தது

ஓரம் ஒத்து நடு மாறுவதற்கு நம் மாநிலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அதுவரை பெருங்காலராவை உண்டாக்கியவை ஓ-1 என்ற மேற்பூச்சு வகையைச் சேர்ந்த விப்ரியோக்கள் மட்டுமே. 1992இன் இறுதியில் சென்னையில் புதிய வகை ஒன்று தோன்றியது. ஓ-139 என்று பெயரிட்டார்கள். அது வங்காள விரிகுடாவின் கரையோரமாகவே பரவி வங்கதேசம்வரை சென்றது. ஓ-1க்கு எதிராக உடலில் எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களும் நோயுற்றார்கள். புது மேற்பூச்சைப் பழைய எதிர்ப்பாற்றல் அடையாளம் காணவில்லை.

மரபணுவைப் படித்தபோது, ஓ-1இன் உடல் அப்படியே இருக்க, மேற்பூச்சுக்கான சுமார் 22,000 எழுத்துகள் போய், சுமார் 35,000 புது எழுத்துகள் அந்த இடத்தில் அமர்ந்திருந்தன. 2007இல் பிளோக்கெஷும் ஸ்கூல்னிக்கும் கைட்டின்மேல் வளர்ந்த ஓ-1க்கு ஓ-139இன் டிஎன்ஏவைக் கொடுத்து, ஒரே மரபுமாற்றத்தில் ஓ-1, ஓ-139ஆக மாறுவதைக் காட்டினார்கள். இப்படி நடக்க முடியும் என்பதற்கு அது சான்று. 1992இல் இப்படித்தான் நடந்தது என்பதற்கான சாட்சியாக அதை எழுதிவிடக் கூடாது. மாணவர்கள் இந்த வேறுபாட்டைக் காக்க வேண்டும்.

ஒற்றுமையே இல்லாதவை தங்கும் வழிகள்

பிளாஸ்மிட் குரோமோசோமில் சேர வேண்டியதே இல்லை, தானே படியெடுத்துக்கொள்ளும். இளம் இறால்களைக் கொன்று இறால் பண்ணைகளை உலுக்கிய ஈஎம்எஸ் நோய்க்குக் காரணமான நச்சு மரபணுக்கள், விப்ரியோ பாராஹீமோலிடிகஸில் சுமார் 70,000 எழுத்து நீளமுள்ள பிளாஸ்மிடில் இருக்கின்றன. பேஜ் தன் சொந்த வழியில் சேரும்: காலரா நஞ்சின் மரபணுவே ஒரு பேஜின் உடைமை என்று வால்டரும் மெக்கலானோஸும் 1996இல் காட்டினார்கள். விப்ரியோவின் இரண்டாம் குரோமோசோமில் இன்டெக்ரான் என்ற நீண்ட அடுக்கும் உண்டு. அங்கே மரபணுத் துண்டுகள் ஒரு குறியிடத்தில் வரிசையாகச் செருகப்பட்டுச் சேமிக்கப்படுகின்றன.

இறால் வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. குளத்தடிச் சேற்றில் உரித்த ஓடு, செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏ, நெருக்கமான விப்ரியோ மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மேலே சொன்ன படிகளுக்கு வேண்டியவை அனைத்தும் அங்கே உண்டு. அதில் ஆன்டிபயாடிக் கலந்தால், எதிர்ப்பு மரபணுவைப் பெற்ற ஒன்று மட்டும் பிழைத்துப் பெருகும். குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் போன்றவை இறால் வளர்ப்பில் தடைசெய்யப்பட்டவை. அறுவடைக்குப்பின் அடிச்சேற்றை வழித்தெடுத்துக் குளத்தை வெடிக்கும்வரை காயவிடுவது பழைய பழக்கம், அதை விட்டுவிடாதீர்கள்.

கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்க

கரையோர ஓட்டிலிருந்து பாக்டீரியாவை வீட்டிலோ வகுப்பிலோ வளர்க்க முயல வேண்டாம். என்ன வளர்கிறது என்று தெரியாது. ஆய்வகத்துக்கென்றே வைத்திருக்கும் தீங்கற்ற இ.கோலை வகையும், ஆம்பிசிலின் என்னும் ஆன்டிபயாடிக்குக்கு எதிர்ப்பு மரபணு உள்ள பிளாஸ்மிடும் போதும். இ.கோலை இயல்பில் இப்படி டிஎன்ஏவை எடுப்பதில்லை. கால்சியம் குளோரைடு கொடுத்து எடுக்கவைக்கலாம் என்று மண்டெலும் ஹிகாவும் 1970இல் காட்டினார்கள்.

வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும் பருவத்தில் பாக்டீரியாவை ஐஸில் குளிர்வித்து, சுழற்றிப் படியவைத்து, 0.1 மோலார் குளிர்ந்த கால்சியம் குளோரைடில் மெதுவாகக் கலக்குங்கள். குலுக்காதீர்கள். பிளாஸ்மிட் 10 நானோகிராம் சேர்த்து அரைமணி நேரம் ஐஸில் வையுங்கள். 42 டிகிரி நீரில் 45 முதல் 60 நொடி, உடனே மீண்டும் ஐஸில் இரண்டு நிமிடம். சத்துநீர் சேர்த்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் விடுங்கள். எதிர்ப்புப் புரதம் உருவாக அந்த நேரம் வேண்டும். இதைச் சுருக்கினால் தட்டில் முளைப்பவை குறையலாம். பிறகு ஆம்பிசிலின் கலந்த தட்டில் பரப்புங்கள்.

நான் மாணவனாக இருந்தபோது முதல் முறை தட்டு முழுவதும் பாய் விரித்ததுபோல் வளர்ந்தது. பெருவெற்றி என்று மகிழ்ந்தேன். டிஎன்ஏ சேர்க்காத தட்டிலும் அதே பாய். கொதி சூட்டில் இருந்த அகாரில் (தட்டில் ஊற்றி உறையவைக்கும் வளர்ப்புக் கூழ்) ஆம்பிசிலினைக் கலந்து அதைக் கெடுத்திருந்தேன். கையில் பொறுக்கும் சூட்டுக்கு, ஏறக்குறைய 50 டிகிரிக்கு, அகார் ஆறிய பிறகே மருந்தைச் சேர்க்க வேண்டும். தட்டில் ஒரு பாக்டீரியாவிலிருந்து பெருகி முளைக்கும் புள்ளியைக் கூட்டம் என்கிறேன். பெரிய கூட்டத்தைச் சுற்றி மறுநாள் பொடிப்பொடியாக முளைப்பவற்றையும் எண்ணாதீர்கள். நடுவிலிருப்பது ஆம்பிசிலினைச் சிதைப்பதால் அதன் நிழலில் பிழைத்தவை அவை.

கணக்கு எளிது. 10 நானோகிராம் சேர்த்து, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைப் பரப்பினால் தட்டில் இருப்பது 1 நானோகிராம். 50 கூட்டங்கள் முளைத்தால், ஒரு மைக்ரோகிராமுக்கு 50,000.

கடைசியாக ஒரு சோதனைக் குழாயை மறக்காமல் வையுங்கள்: பாக்டீரியாவோடு கலக்குமுன்பே பிளாஸ்மிடோடு டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்த குழாய். அதில் கூட்டங்கள் முளைக்காவிட்டால், மற்றத் தட்டில் முளைத்தவை வெற்று டிஎன்ஏவை எடுத்தவைதான். இரு பாக்டீரியாக்களைக் கலந்து செய்யும் சோதனைகளிலும் இதையே செய்யலாம். நொதி இருந்தும் மரபணு கடந்துவந்தால், அது வேறு வாசல் வழியே வந்திருக்கிறது. இணைவா பேஜா என்று தேடத் தொடங்குங்கள்.